மேல்வீட்டுத் தண்ணீர்

இல்லாத வீட்டுக்குத் தண்ணீர் பில் வந்தது. அதுவும் சும்மா வரவில்லை. பதிவுத் தபாலில், கையெழுத்து வாங்கிக்கொண்டு, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி மிடுக்காக வந்தது.

"மாடி எப்பம்மா கட்டினீங்க? சொல்லவே இல்லையே!" என்றார் தபால்காரர்.

உறையின் மேல் 'மேல் வீடு' என்று அச்சடித்திருந்தது. கதவு எண் சரி, தெருப் பெயர் சரி, வீட்டுக்காரர் பெயரும் சரி. வீடுதான் இல்லை. தபால்காரர் நாலடி பின்னுக்குப் போய் அண்ணாந்து வேறு பார்த்தார். மொட்டை மாடியில் வெள்ளை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. அதற்கு மேலே வானம்தான் இருந்தது.

ரொக்கம்மாவுக்கு அப்போது கை ஒழியவில்லை. கிளினிக் டாக்டர் ஒருவர் பேனாவை மூடாமல் கோட்டுப் பையில் செருகிவிட்டார். அந்த மைக்கறையோடு அவள் காலையிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உறையைப் பிரித்தாள். படித்தாள். மறுபடி படித்தாள். மூன்றாவது தடவை படிப்பதற்குள் காது மடல் சிவந்துவிட்டது.

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ரொக்கம்மா என்பது தெரு வைத்த பெயர். "எழுதிக்கோங்க, அப்புறம் தரேன்" என்ற பேச்சே அவள் வாயில் வந்ததில்லை. ஒரு தடவை மளிகைக்கடைக்காரர் சில்லறை இல்லாமல் "பரவாயில்ல, நாளைக்குக் குடுங்கம்மா" என்று சொன்னதற்கு, சாமானை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சில்லறை எடுத்து வந்தவள். கடுப்பாகிப்போன கடைக்காரர்தான் அந்தப் பெயரை வைத்தார். அவர் கேலிக்கு வைத்தார். இவள் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டாள். இப்போதெல்லாம் யாராவது நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அப்பேர்ப்பட்டவளுக்குத்தான் 'நெடுநாள் நிலுவை' என்று தடித்த எழுத்தில் கடிதம் வந்திருக்கிறது. பல வருஷமாக மேல் வீட்டு இணைப்புக்கு ஒரு காசுகூடக் கட்டவில்லையாம். தாமதக் கட்டணம் தனியாம். மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் இந்தக் கதவு எண்ணுக்கு உள்ள எல்லா இணைப்பும் துண்டிக்கப்படுமாம். எல்லாம் என்றால் கீழ் வீடும் சேர்த்துத்தான்.

கீழ் வீட்டின் முன்னறையில்தான் அவளுடைய லாண்டரி. இரண்டு மெஷின், ஒரு இஸ்திரி மேஜை, சுவரோரம் கட்டுக்கட்டாகத் துணி. கிளினிக் விரிப்புகளும் பக்கத்துத் தெரு லாட்ஜின் தலையணை உறைகளும் இங்கேதான் வருகின்றன. ஒரு நாள் விரிப்பு போகாவிட்டால், மறுநாள் கிளினிக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். தண்ணீர் நின்றால் தொழில் நின்றது. கேட்டிருந்த தொகையோ, மூன்றாவது மெஷினுக்காக அவள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்து வைத்திருந்த பணத்தை அப்படியே வழித்துக்கொண்டு போய்விடும் போலிருந்தது.

"காக்கா குடிச்ச தண்ணிக்கு நான் காசு கட்டணுமா?" என்று அவள் மைக்கறையைப் பார்த்துக் கேட்டாள். கறை பதில் சொல்லவில்லை. அன்றைக்கு அது போகவும் இல்லை.

புருஷன் மத்தியான ஷிப்டு முடிந்து வந்தார். பஸ் டிரைவர். அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. டிப்போவில் அவரை 'ஆச்சு' என்பார்கள். எதைக் கேட்டாலும் ஆச்சு என்பார். "வண்டி கழுவியாச்சா?" ஆச்சு. "டயர் பாத்தாச்சா?" ஆச்சு. அப்போதுதான் வாளியைத் தேடிக்கொண்டிருப்பார். பொய் சொல்கிற ஆள் இல்லை, பாவம். மனசில் ஒரு வேலையை நினைத்துவிட்டால் அவரைப் பொறுத்தவரை அது முடிந்த மாதிரிதான். கொஞ்சம் யோசித்தால் நாம் எல்லோருமே அந்த ஜாதிதான். தலையில் சோப்பு நுரையோடு குளியலறையிலிருந்து "இதோ வந்துட்டேன்" என்று குரல் கொடுக்காதவர் யார்? இவர் அதைக் கொஞ்சம் கூடுதலாகச் செய்வார், அவ்வளவுதான்.

"என்னங்க இது?" என்று கடிதத்தை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

அவர் படித்தார். தொப்பியைக் கழற்றினார். "விடு, நான் பாத்துக்கறேன். முடிஞ்சுதுன்னு நினைச்சுக்க" என்றார்.

"நீங்க பாத்துக்க வேணாம்" என்றாள் ரொக்கம்மா. "நானே போறேன்."

மறுநாள் காலையில் தண்ணீர் ஆபீஸில் நல்ல கூட்டம். ஒரு மின்விசிறி சுற்றியது, இன்னொன்று சுற்றுகிற மாதிரி சத்தம் மட்டும் போட்டது. கவுண்டரில் கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். நல்ல பெண்தான். குரல் உயர்த்தாமல் பேசினாள், வந்தவர்களை 'சார்', 'அம்மா' என்றாள். ஆனால் ரொக்கம்மா வீட்டிலிருந்தே கொதித்துக்கொண்டு வந்தவள். நல்ல பெண், கெட்ட பெண் என்றெல்லாம் பார்க்கிற நிலையில் அவள் இல்லை.

"அம்மா, புதுக் கம்ப்யூட்டர் போட்டப்ப பழைய ஃபைல் எல்லாத்தையும் ஏத்தினோம். அப்பதான் இந்த இணைப்பு தெரிஞ்சுது. இணைப்பு குடுத்திருக்கு, ஆனா பில்லே போகல. அந்தந்த வருஷ ரேட்டுல சராசரி போட்டு அனுப்பியிருக்கோம்."

"இல்லாத மாடிக்கு என்னம்மா இணைப்பு?"

"கட்டி முடிச்சாச்சுன்னு ஃபைல்ல இருக்கும்மா. உங்க வீட்டுக்காரர்தான் சொல்லியிருக்கார்."

ரொக்கம்மா சிரித்துவிட்டாள். வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"அவர் சொன்னாரா? அவர் செருப்பைத் தேடிக்கிட்டே 'வந்து சேந்துட்டேன்'னு போன்ல சொல்ற ஆளும்மா! அவர் சொன்னதை நம்பி நீங்க பைப் போட்டீங்களா? நல்லா இருக்கு கதை!"

வரிசையும் சிரித்தது. சிரிப்பு கிடைத்ததும் அவளுக்குத் தெம்பு வந்துவிட்டது. குரல் ஏறியது. "குடிக்காத தண்ணிக்குக் காசு, இல்லாத வீட்டுக்கு வரி, நாளைக்கு விடாத மூச்சுக்கும் பில் போடுவீங்களா? யாருக்குத் தண்ணி காட்டறீங்க? இந்தத் தெருவுல போய்க் கேளுங்க, நான் யாருக்காவது ஒரு பைசா வெச்சிருக்கேனான்னு!"

"சரியாச் சொன்னீங்கம்மா!" என்று பின்னால் ஒரு பெரியவர் கைத்தடியைத் தரையில் தட்டினார். "கேளுங்க, விடாதீங்க!" என்றது இன்னொரு குரல்.

கவுண்டர்ப் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். முகம் வாடிவிட்டது. "இன்ஸ்பெக்டரை அனுப்பறேம்மா. வந்து பார்த்து எழுதித் தரட்டும். மாடி இல்லைன்னா கேன்சல் பண்ணிடலாம்" என்றாள் மெதுவாக.

"அனுப்புங்க, தாராளமா அனுப்புங்க! அந்த இணைப்புல நான் ஒரு சொட்டு எடுத்திருந்தாலும், இதே இடத்துல நின்னு ரொக்கமா வெக்கிறேன்!"

ஜெயித்தவள் மாதிரி வெளியே வந்தாள். படி இறங்கும்போது மட்டும் அந்தப் பெண்ணின் முகம் ஒரு நிமிஷம் மனசில் வந்து போனது. அவள் அதை விரட்டிவிட்டு வேகமாக நடந்தாள்.

அன்று மாலை புருஷனைப் பிடித்து உட்கார வைத்து விசாரித்தாள். அவர் முதலில் மின்விசிறியைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார், பிறகு ஒப்புக்கொண்டார். கீழ் வீடு கட்டி முடித்த சமயத்திலேயே, மாடிக்கும் இப்போதே மனு கொடுத்துவிட்டால் பின்னால் அலைய வேண்டாம் என்று யாரோ சொல்லி, அவர் மனுவைப் போட்டுவிட்டார். ஆனால் கட்டிய வீட்டுக்குத்தான் இணைப்பு தருவார்கள். ஆபீஸ் ஆள் ஒருவர் அவசரமாக வந்து, வண்டியை விட்டுக்கூட இறங்காமல், "சார், மாடி கட்டியாச்சா?" என்று கேட்டாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் உண்மையைத்தான் சொன்னேன்."

"என்னன்னு?"

"கட்டியாச்சுன்னு வெச்சுக்குங்கன்னு."

ரொக்கம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அவன் வெச்சுக்கிட்டான், அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?" என்றார் ஆச்சு, நிஜமான வருத்தத்தோடு.

அவளுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள். வாய்ப்பந்தல் போடுகிறவரைக் கட்டிக்கொண்டால் வாய்மாடியும் கட்டுவார்தான். அதற்கும் ஒரு குழாய் வைத்துக் கொடுத்திருக்கிறார்களே, அந்த ஆபீஸைச் சொல்ல வேண்டும். எப்படியோ, மாடி இல்லை, பில் தள்ளுபடி, மெஷின் பணம் தப்பித்தது என்று நிம்மதியாக இருந்தாள். ஆச்சு மட்டும் சிரிக்கவில்லை. எதையோ நினைவுபடுத்திப் பார்க்கிறவர் போலத் தாடையைச் சொறிந்துகொண்டே இருந்தார்.

இரண்டு நாள் கழித்து இன்ஸ்பெக்டர் வந்தார். ஓய்வு பெற அதிக நாள் இல்லாத மனிதர். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். நாலு மூலையிலும் வருங்கால மாடிக்காக விட்டு வைத்த கம்பிகள் துருப்பிடித்து நின்றன. அந்தக் கம்பிகளுக்கு இடையே குறுக்கும் நெடுக்குமாகக் கொடி. கொடி நிறைய ஈர விரிப்பு.

"மாடி கட்டியிருக்கீங்கன்னு ஃபைல்ல இருக்கேம்மா?"

"கொடிதாங்க கட்டியிருக்கேன்" என்றாள்.

"கொடி கட்டிப் பறக்கறீங்கன்னு சொல்லுங்க!" இன்ஸ்பெக்டர் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். ரொக்கம்மாவும் மரியாதைக்குச் சிரித்து வைத்தாள். வேலை முடிந்தது என்று திரும்பியவர், மூலையில் துவைக்கிற கல்லைப் பார்த்தார். கல்லின் பக்கத்தில் சுவரோடு ஒட்டி ஒரு குழாய் இருந்தது.

"இது?"

"அது கீழ் வீட்டு லைன்தாங்க. மெஷின் வாங்கறதுக்கு முன்னாடி இங்கதான் துவைச்சேன். இப்ப எப்பவாவது காலரைக் கசக்கறதுக்குத் திறக்கறதோட சரி."

இன்ஸ்பெக்டர் குழாயைப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் எட்டி, குழாய் எந்த வழியாகக் கீழே இறங்குகிறது என்று பார்த்தார். அது முன்வாசல் பக்கம் போகவில்லை. நேராகப் பின்பக்கம் இறங்கி, மாடிக்கென்று வாங்கிப் போட்ட செங்கல் குவியலுக்குள் போய் மறைந்தது.

"கீழ போய்ப் பாத்துடலாமே" என்றார்.

செங்கல்லை ஒதுக்கும் வேலை ஆச்சுவின் தலையில் விழுந்தது. அவர் முனகிக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அடியில் ஒரு இரும்பு மூடி. மூடியைத் தூக்கினால் உள்ளே ஒரு மீட்டர், கண்ணாடி முழுக்கப் புழுதியோடு உட்கார்ந்திருந்தது. ரொக்கம்மா மாடிச் சுவரில் கையை ஊன்றி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, மேல குழாயைத் திறங்க!" என்று இன்ஸ்பெக்டர் கீழேயிருந்து கத்தினார்.

அவள் திறந்தாள். தண்ணீர் கல்லில் கொட்டியது. எத்தனையோ வருஷம் கேட்டுப் பழகிய சத்தம்தான். அவள் சுவர்ப் பக்கம் ஓடிவந்து மறுபடி கீழே எட்டிப் பார்த்தாள்.

"முள்ளு சுத்துதா?" என்று கேட்டாள்.

ஆச்சு இன்ஸ்பெக்டரை முந்திக்கொண்டார்.

"சுத்தல!" என்றது புருஷனின் குரல். "சுத்தவே இல்ல! நீ மூடிட்டு உள்ள போ!"

அந்த மனிதரோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியவளுக்கு அது போதும். குழாயை மூடாமல் அப்படியே விட்டுவிட்டுத் தடதடவென்று இறங்கி வந்தாள். குனிந்து பார்த்தாள். உள்ளே சின்னச் சிவப்பு முள் பம்பரம் போலச் சுற்றிக்கொண்டிருந்தது.

"லேசாத்தான் சுத்துது" என்றார் ஆச்சு. "காத்துலகூட இருக்கலாம்."

"மண்ணுக்கு அடியில காத்தா?"

அவர் அவசரமாக இன்னொரு செங்கல்லைக் கையில் எடுத்துக்கொண்டார்.

ரொக்கம்மா செங்கல் மேல் உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொன்றாகப் புரிந்தது. மெஷின் வருவதற்கு முந்தைய வருஷங்களில் கீழ் வீட்டு பில் எவ்வளவு குறைவாக வரும்! அதை வைத்துத் தெருவில் எத்தனை பேருக்குப் பாடம் நடத்தியிருக்கிறாள்! "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும். என்னைப் பாருங்க, இத்தனை துணி துவைச்சும் எவ்வளவு பில்லு வருது?" என்று. மெஷின் வந்ததும் பில் எகிறியது. மெஷின்தான் தண்ணீரைக் குடிக்கிறது என்று அதைத் திட்டித் தீர்த்தாள். மாடிக்குப் பைப் வந்த அன்று "எந்த லைன்ங்க?" என்று இவரிடம் கேட்டதும், "எல்லாம் நம்ம லைன்தான்" என்று இவர் சொன்னதும் இப்போது ஞாபகம் வந்தது. ஒரு வீடு, ஒரு பில் என்று அவரும் நிஜமாகவே நம்பியிருக்கிறார். அவரைச் சொல்லி என்ன பயன்? ஒரு சொட்டு எடுத்திருந்தாலும் ரொக்கமாக வைக்கிறேன் என்று ஊரைக் கூட்டிச் சத்தம் போட்டது யார்? வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

இன்ஸ்பெக்டர் கட்டை விரலால் மீட்டர் கண்ணாடியைத் துடைத்து எண்ணைப் படித்தார். படித்துவிட்டு, மறுபடி துடைத்துவிட்டு, மறுபடி படித்தார். மெல்ல விசில் அடித்தார்.

"என்னங்க?"

"என் சர்வீஸ்ல ஒரு வீட்டுக் குழாய்ல இவ்வளவு நான் பார்த்ததில்லம்மா. நாங்க போட்டு அனுப்பின சராசரி எல்லாம் இதுக்குப் பக்கத்துலயே வராது. லாரித் தண்ணியாக் கணக்குப் பண்ணா, உங்க வாசல்ல ஆரம்பிச்சு ஒண்ணு பின்னாடி ஒண்ணா லாரியை நிறுத்தணும். மெயின் ரோடு வரைக்கும் போனாலும் இடம் பத்தாது."

"இவ்வளவும் மேல இருக்கற அந்தக் குழாய்லயா?"

"அந்த ஒரு குழாய்லதான்."

அவள் எழுந்து மறுபடியும் மீட்டரைப் பார்த்தாள். இந்தத் தடவை முள்ளைப் பார்க்கவில்லை, எண்ணைப் பார்த்தாள்.

அந்த வருஷங்கள் அவளுக்கு மறந்தா போகும்? விடிவதற்கு முன்னால் மேலே ஏறினால் வெயில் ஏறும்வரை கல்லை விட்டு நகர முடியாது. ரத்தக்கறை, மருந்துக்கறை, குழந்தைகளின் வாந்தி. சோப்புக்காரம் விரல் இடுக்கைத் தின்றுவிடும். குளிர்காலத்தில் விரல் மடங்காது. ஆச்சு ஷிப்டு முடிந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல், விரிப்பின் இன்னொரு முனையைப் பிடித்து முறுக்கிப் பிழிவார். அப்படிப் பிழிந்து பிழிந்துதான் முதல் மெஷின் வந்தது. அப்போது ஒரு விசேஷ வீட்டில் நாத்தனாரிடம் யாரோ, "உங்க அண்ணி என்ன பண்றாங்க?" என்று கேட்டார்கள். "அவங்க சும்மா வீட்லதான் இருக்காங்க" என்றாள் நாத்தனார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஊர் அப்படித்தான் சொல்லும். மெஷின் வந்து, கிளினிக் வந்து, வாசலில் பலகை மாட்டிய பிறகுதான் அவள் ஏதோ செய்கிறாள் என்று ஊருக்குத் தெரிந்தது. அதற்கு முன்னால் செய்ததற்கு ஒரு சாட்சி இல்லை. விரிப்பு வெளுத்துப் போகும், மறுநாள் அழுக்காகித் திரும்பி வரும். அவ்வளவுதான் மிச்சம்.

செங்கல்லுக்கு அடியில் ஒன்று, யாருக்கும் தெரியாமல், அவள் துவைத்ததை எல்லாம் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறது.

"இத பாருங்கம்மா" என்று இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார். "பில் அனுப்பாம விட்டது எங்க ஆபீஸ் தப்பு. மேல வீடுன்னு ஒண்ணு இல்ல, அதுவும் உண்மை. 'மேல் வீடு கட்டப்படவில்லை'ன்னு ஒரே வரி எழுதறேன். பொய்யும் இல்ல. பில் கேன்சல் ஆயிடும், இந்த மீட்டரை யாரும் தேடி வர மாட்டாங்க. என்ன சொல்றீங்க?"

"எழுதுங்க சார், எழுதுங்க!" என்றார் ஆச்சு. "நல்ல மனுஷன் சார் நீங்க. ஏம்மா, உக்காரறதுக்கு ஒரு நாற்காலி எடுத்துட்டு வா."

ரொக்கம்மா நாற்காலி எடுக்கப் போகவில்லை.

ஆசை இல்லாமல் இல்லை. அந்த மூன்றாவது மெஷினை அவள் கடையில் போய்ப் பார்த்து, மூடியைத் திறந்து மூடி, தடவிக்கூடப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அது இப்போது வீட்டுக்கும் வரலாம், கடையோடும் நின்றுபோகலாம். ஒரே ஒரு வரிதான், அதுவும் பொய் இல்லாத வரி. மனசு அந்தப் பக்கம் சாயத்தான் பார்த்தது.

"வீடு இல்லைன்னு எழுதினா, தண்ணியும் வரலைன்னுதானே ஆகும்?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. வீடே இல்லாதப்ப தண்ணி ஏது?"

"தண்ணி வரலைன்னா நான் துவைக்கலைன்னு ஆகும்."

இன்ஸ்பெக்டருக்குச் சட்டென்று பிடிபடவில்லை. ஆச்சுவுக்குப் பிடிபட்டுவிட்டது. அவர் கையில் இருந்த செங்கல்லைக் கீழே வைத்தார்.

"நான் சும்மா இருந்தேன்னு ஊர்ல சொன்னாங்க. வாயை மூடிக்கிட்டேன். இப்ப என் வாயாலயே ஆமா, சும்மாதான் இருந்தேன்னு எழுதித் தரணுமா?" அவள் மீட்டரைக் கையால் காட்டினாள். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றீங்களே சார். சுத்துதுன்னு எழுதுங்க. அந்த நம்பரையும் எழுதுங்க. ஒரு எழுத்து விடாம எழுதுங்க."

"சராசரியை விட ஜாஸ்தி ஆகும்மா."

"ஆகட்டும்."

இன்ஸ்பெக்டர் அவளை விட்டுவிட்டுப் புருஷனைப் பார்த்தார். ஏதாவது எடுத்துச் சொல்வார் என்று நினைத்திருக்க வேண்டும். ஆச்சு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

"அவங்க சொல்றபடியே எழுதுங்க சார்" என்றார். "பாதிக்கு நானும் பிழிஞ்சிருக்கேன்."

மாடியில் குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் நினைவு வந்து, "ஐயையோ, இதுவும் சேந்து ஓடுதே!" என்று அவள் படியேறி ஓடினாள்.

மெஷின் பணம் முழுவதும் ஒரு துணிப்பைக்குள் போனது. அது போதாமல் அலமாரியிலிருந்தும் கொஞ்சம் போனது. ஆபீஸில் அன்றைக்கும் வரிசை இருந்தது. ஆனால் ஆட்கள் வேறு. கைத்தடிப் பெரியவர் இல்லை, முன்பு சிரித்த முகம் ஒன்றுகூட இல்லை. சத்தமில்லாமல் கட்டிவிட்டு வந்தால் ஈ காக்காய்க்குத் தெரியாது. ரொக்கம்மாவுக்கும் அது தோன்றத்தான் செய்தது. தோன்றியதும் அவளுக்கே தன் மேல் எரிச்சல் வந்தது. சத்தமாகச் சொன்னதைச் சத்தமாகத்தான் திருப்பி எடுக்க வேண்டும்.

"ஏம்மா" என்றாள் கவுண்டர்ப் பெண்ணிடம். வரிசை தலை தூக்கியது. "அன்னைக்கு உன்னை எல்லார் முன்னாடியும் பேசிட்டேன். நீ சொன்னதுதான் சரி. நான் சொன்னதுதான் தப்பு. தண்ணி நான் எடுத்ததுதான். மனசுல வெச்சுக்காதே."

அந்தப் பெண் எழுந்தே நின்றுவிட்டாள். "ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்று கையை ஆட்டினாள். அவள் கண் கொஞ்சம் கலங்கியிருந்தது. இன்ஸ்பெக்டரின் அறிக்கையை எடுத்துப் பார்த்தாள். பில் அனுப்பாதது ஆபீஸ் தவறு என்பதால் தாமதக் கட்டணத்தை விதிப்படியே நீக்கினாள். அப்படியும் தொகை பழைய பில்லை விடக் கூடுதலாகத்தான் நின்றது. "தவணையா கட்டலாம்மா, ரூல் இருக்கு" என்று தானாகவே சொன்னாள்.

"அந்தப் பழக்கம் எனக்கு இல்லம்மா" என்று துணிப்பையை அவிழ்த்துக் கவுண்டர் மேல் வைத்தாள். கையை எடுப்பதற்கு முன்னால் ஒரு நொடி பை மேலேயே விரல்கள் இருந்தன. பிறகு எடுத்துவிட்டாள்.

அந்தப் பெண் எண்ணி முடிக்க வெகு நேரம் பிடித்தது. பின்னால் நின்றவர்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்கள். கோப்பு ஒன்றைக் கக்கத்தில் இடுக்கியிருந்த ஒரு மனிதர் பொறுமை இழந்து, அவள் தோளுக்கு மேலாக எட்டி ரசீதைப் பார்த்தார். பார்த்தவருக்கு வாய் திறந்தபடி நின்றுவிட்டது.

"அம்மாடி! இவ்வளவு தண்ணியா? இவ்வளவு தண்ணியை வெச்சு என்னதாம்மா பண்ணீங்க?"

ரொக்கம்மா ரசீதை மடித்துக்கொண்டு அவர் பக்கம் முழுதாகத் திரும்பினாள்.

"துவைச்சேன்" என்றாள், வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி.